ஒண்ணுமே இல்லாத இடத்தில் என்ன படம் எடுப்பது?

கேள்வி இது: "சென்னை ஓரத்தில், வண்டலூருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். வீட்டைச் சுற்றிக் காலி மனை, முள்ளுக்காடு, பாதி தூர்ந்த ஏரி, தள்ளி ஒரு கல்குவாரி. இந்தக் கேட்பாரற்ற இடங்களைப் படம் எடுக்க ஆசை. ஆனால் எடுத்ததெல்லாம் குப்பைப் படமாகவோ சோகப் படமாகவோதான் வருகிறது. எந்த கேமரா வாங்கலாம்? எங்கே போகலாம்? என்ன செய்தால் உருப்படியாக வரும்?"

கேமரா பேச்சை முதலில் முடித்துவிடலாம். கையில் இருக்கும் போன் போதும். அதில் 0.5 என்று காட்டும் அகலக் கோணத்துக்கு மட்டும் போகாதீர்கள். காலடியில் இருக்கும் எருக்கஞ்செடியை ஆள் உயரத்துக்குக் காட்டிவிட்டு, தூரத்து ஏரிக்கரையை ஒரு பென்சில் கோடாக்கிவிடும். இந்த மாதிரி நிலத்தில் தூரத்தில் இருப்பதுதான் பாதி விஷயம். கேமராதான் வேண்டும் என்றால் யாரோ விற்கும் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதில் 35 எம்எம் லென்ஸ் ஒன்று. இரண்டாவது லென்ஸ் வேண்டாம். டிப்பர் லாரி போகிற மண் ரோட்டில் லென்ஸைக் கழற்றினால் தூசி உள்ளே போய், அன்று முதல் உங்கள் படத்தில் வானம் முழுக்கப் புள்ளி. மிச்சப் பணத்தில் அடி கனத்த ஷூ வாங்குங்கள். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பை ஊசி மாதிரி துளைத்து வரும். எனக்குக் குதிகாலில் ஒடிந்த ஒரு முள், வெளியே வர மூன்று வாரம் ஆனது. நான் இதில் இத்தனை வருஷத்தில் செய்த ஒரே உருப்படியான செலவு அந்த ஷூதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் படம் சோகமாக வருவதற்குக் காரணம் வெளிச்சமோ கேமராவோ கிடையாது. "கேட்பாரற்ற இடம்" என்று மனசில் எழுதிக்கொண்டு போகிறீர்கள். அதனால் கேட்பாரற்றதாகத் தெரிவதை மட்டும் எடுக்கிறீர்கள்: ஒற்றைச் செருப்பு, உடைந்த பொம்மை, கிழிந்த ஃபிளெக்ஸ், தலைகீழாகக் கிடக்கும் சாமி படம். நானும் முதல் இரண்டு வருஷம் இதைத்தான் எடுத்தேன். ஒரு ஹார்டு டிஸ்க் நிறைய ஒற்றைச் செருப்பு வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து என்னைத் திருப்பியது ஒரு ஆயா. படப்பை போகிற வழியில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கல் நட்டுப் போட்ட ஒரு லேஅவுட். கல்லின் தலையில் அடித்த மஞ்சள் பெயின்ட் வெளுத்துப்போயிருந்தது. சுற்றிலும் வேலிகாத்தான் புதர். நடுவில் வெறும் தரையாக ஒரு இடம். அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் முள்ளுக்காட்டை எடுக்கப் போவேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஆயா கேமராவைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா தம்பி, ரோடு போடப் போறாங்களா?"

"இல்ல ஆயா, சும்மா போட்டோ எடுக்கறேன்."

"இங்க இன்னா கீது போட்டோ புடிக்க? ஒண்ணுமே இல்லியே."

சொல்லிவிட்டு ஒரு மனைக்கல் மேல் உட்கார்ந்தார். ஆடு பாட்டுக்கு முள்ளுக்காய் மேய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "நீ நிக்கிறியே, அது எங்க களம்" என்றார். எழுந்து வந்து குதிகாலால் தரையைத் தட்டினார். டொக்கென்று சத்தம் வந்தது. இரண்டு அடி தள்ளித் தட்டினார், சத்தமே இல்லை. "சாணி போட்டு மெழுவி, மாடு கட்டி ஓட்டி, எத்தினி வருசம்! புல்லு கூட மொளைக்காது பாரு." பார்த்தேன். கதிரடித்த அந்த வெறும் தரை கிட்டத்தட்ட வட்டமாக இருந்தது. அதன் நடுவே புகுந்து போயிருந்தது மனைக்கல் வரிசை. நான்கு மாதமாக அந்த வட்டத்தின் மேல் நின்றுகொண்டு வேறெதையோ படம் எடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு எடுத்த படத்தில் செருப்பும் இல்லை, பொம்மையும் இல்லை. ஒரு வட்டம், அதை வெட்டிப் போகும் ஒரு கல் வரிசை, ஓரத்தில் நான்கு ஆடு. பார்க்கிறவர்கள் எல்லாரும் "இது என்ன வட்டம்?" என்று கேட்கிறார்கள். சோகமான படங்களைப் பார்த்து யாரும் எதுவும் கேட்டதில்லை. "சூப்பர் ப்ரோ" என்பதோடு சரி.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். அந்த இடத்தை யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், இல்லை பயன்படுத்தினார்கள், இல்லை பயன்படுத்தப் போவதாகக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மூன்றின் தடயத்தையும் தேடுங்கள். படம் தானாக வரும்.

இங்கிலாந்தில் மரியன் ஷோர்ட் என்ற எழுத்தாளர் 2002-இல் இப்படிப்பட்ட இடங்களுக்கு 'எட்ஜ்லேண்ட்ஸ்' என்று பெயர் வைத்தார். நகரமும் இல்லை கிராமமும் இல்லை என்கிற ஓர நிலம். அவர்களுக்கு அது புதுச் சொல். நம் வருவாய்த் துறைக் கணக்கில் இதற்கு ஒரு சொல் குவியலே கிடக்கிறது: புறம்போக்கு, அதிலேயே நத்தம், மேய்க்கால், களம், மந்தைவெளி, சுடுகாடு, நீர்நிலை, அப்புறம் தீர்வை (நிலவரி) ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, அனாதீனம். புறம்போக்கு என்றால் வரி விதிப்புக்குப் புறம்பாக, பொதுக் காரியத்துக்கென்று விட்ட நிலம். அதை எப்போது வசவாக மாற்றினோமோ தெரியவில்லை, ஆனால் மாற்றிய பிறகுதான் அங்கே குப்பை கொட்ட நமக்குக் கூச்சம் போயிற்று என்று எனக்கு ஒரு எண்ணம்.

இந்தச் சொற்கள் படம் எடுக்க நேரடியாக உதவும். அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்) கொடுத்தால், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டு விவரம் வரும். நீங்கள் தரிசு என்று நினைத்தது "மேய்க்கால்" என்று வந்தால், அங்கே மாடு வரும் வழி ஒன்று இருந்தாக வேண்டும். தேடிப் போனால் முள்ளுக்கு நடுவே ஒற்றையடித் தடம் கிடைக்கும். "களம்" என்று வந்தால் தரையைத் தட்டிப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் வீட்டுப் பக்கம் கல் நட்டும் வீடு வராத மனைகள் ஏன் இவ்வளவு? பல காரணம் உண்டு. முதலீட்டுக்கு வாங்கிப் போட்டு ஊர்ப் பக்கமே வராத ஆட்கள், பங்காளி வழக்கு, பாதியில் நொடித்த புரோமோட்டர். இவற்றோடு ஒரு தேதியும் உண்டு. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை போட்டது. அதுவரை வயலை வாங்கி, செம்மண் அடித்து, கல் நட்டு, வளைவு கட்டி, கொடி கட்டி, ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து ஆள் கூட்டி வந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் வேன் நின்றது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளை வரைமுறைப்படுத்த அடுத்த ஆண்டே அரசு விதிகள் கொண்டுவந்தது. கட்டணம் கட்டியவர்கள் கரையேறினார்கள். மற்றது புதராகிவிட்டது. கல்லைச் சுற்றி வளர்ந்த கருவேல மரத்தின் பருமன், அந்த வேன் கடைசியாக வந்து எவ்வளவு நாளாயிற்று என்பதற்கு ஒரு குத்துமதிப்பான கணக்கு.

இங்கே எடுக்க என்னிடம் ஒரு வரிசை இருக்கிறது, வேண்டுமானால் நீங்களும் எடுக்கலாம்: நுழைவு வளைவுகள். "சிட்டி", "அவென்யூ", "கார்டன்" என்று ஏதோ ஒன்று எழுதி, இரண்டு பக்கமும் யானை வைத்து, நட்டநடு வெளியில் தனியாக நிற்கும். பின்னால் ஒன்றும் இருக்காது. எல்லா வளைவையும் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், நேர் எதிரில் நின்று, மேகம் மூடிய நாளில் மட்டும் எடுங்கள். ஒன்றைப் பார்த்தால் சிரிப்பு வரும். பன்னிரண்டைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் சிரிப்பு போய்விடும். இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியின் பெர்ண்ட் பெஷர், ஹில்லா பெஷர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் இப்படித்தான் பல பத்தாண்டு எடுத்தார்கள். 1975-இல் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸில் 10 பேர் படங்களை வைத்து 'நியூ டோபோகிராஃபிக்ஸ்' என்று ஒரு கண்காட்சி நடந்தது. அந்தப் பத்துப் பேரில் இவர்களும் உண்டு. ராபர்ட் ஆடம்ஸும் உண்டு. கொலராடோவில் மலையைப் பார்த்து எல்லாரும் கேமராவைத் திருப்பிய காலத்தில், அவர் மலை அடிவாரத்தில் வரிசையாக முளைத்த வீடுகளை எடுத்தவர். அழகாகவும் காட்டவில்லை, அசிங்கமாகவும் காட்டவில்லை. அந்த அடக்கம் கற்றுக்கொள்ள வேண்டியது. மற்றபடி அவர்களுடைய வெளிச்சம் வேறு, நம் வெளிச்சம் வேறு. அதைக் காப்பி அடிக்க முடியாது.

இனி ஏரி. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். நீங்கள் குடியிருக்கும் இடமே ஏதோ ஒரு ஏரித் தண்ணீர் பாய்ந்த ஆயக்கட்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏரியைப் படம் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் தண்ணீரை எடுக்கிறார்கள், சூரியன் மறைவதை எடுக்கிறார்கள். நீங்கள் கரையின் மறுபக்கம் இறங்குங்கள். அங்கே மதகு இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு மதகைச் சொல்கிறேன். கருங்கல் தூண் இரண்டு, மேலே குறுக்குக்கல், நடுவில் திருகு போட்ட இரும்புத் தண்டு. தண்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. அதில் யாரோ துணி காயவைக்கும் கயிற்றின் ஒரு முனையைக் கட்டியிருக்கிறார்கள். மறுமுனை எதிர்வீட்டு பால்கனிக் கம்பியில். மதகுக்கு வெளியே வாய்க்கால் ஆறடி தூரம் ஓடி, ஒரு காம்பவுண்டு சுவரில் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கார் நிறுத்தும் இடம். அந்த மதகைத் திறந்து தண்ணீர் கேட்க இப்போது வயலே கிடையாது. வயல் போனதும் மதகுக்கு வேலை போயிற்று. மதகுக்கு வேலை போனதும் கரையை மிதித்துக் கவனிக்கிற ஆள் போனார். அப்புறம்தான் ஆகாயத்தாமரையும் கழிவுநீர் லாரியும் வந்தன. எல்லாரும் கடைசியில் வந்ததை எடுத்து "ஏரி செத்துவிட்டது" என்று போடுகிறார்கள். எந்த வரிசையில் செத்தது என்று சொல்வது மதகுதான். துணிக்கயிறு, தண்டு, சுவர் மூன்றும் ஒரே சட்டத்தில் விழ நான் சுவரோரம் ஒரு செங்கல் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அதில் தொழில்நுட்பம்.

மதகைப் போலவே கலங்கலையும் தேடுங்கள். ஏரி நிரம்பினால் உபரி வழிந்து போகும் கல் தளம் அது. வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போக ஒரு கால்வாய் இருக்கும், இல்லை, இருந்திருக்கும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் மாடி ஏறியபோது ஊர் முழுக்க ஹெலிகாப்டர் படம், படகுப் படம் பார்த்தோம். ஆனால் எந்தக் கால்வாய் எங்கே சுவரில் முட்டியது என்று கோடைகாலத்திலேயே நின்று எடுத்த படம் யாரிடமாவது இருந்திருந்தால் அதற்குத் தனி மதிப்பு. வறண்ட காலத்தில் எடுக்க வேண்டிய வெள்ளப் படம் என்று நான் அதைச் சொல்வேன்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போகலாம். ஆனால் முன்னே பூநாரை, பின்னே ஐடி கட்டடம் என்கிற படம் ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்தாகிவிட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்த பிறகு இன்னும் அதிகம். அங்கே போனால் தண்ணீர் வெளியேறும் ஒக்கியம் மடுவுப் பக்கம் நில்லுங்கள். அவ்வளவு பெரிய சதுப்பு, இவ்வளவு குறுகிய வாய். படம் அதில் இருக்கிறது.

கல்குவாரி பற்றிக் கேட்டீர்கள். உள்ளூரில் கல்குட்டை என்பார்கள். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்டது இந்த வகைக் கல் என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர். வெட்டி எடுத்தபின் விட்டுப்போன பள்ளங்களில் மழையும் ஊற்றும் சேர்ந்து தண்ணீர் நிற்கிறது. மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரத்தில் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட குட்டைகள். 2017 வறட்சியில் ஏரிகள் வற்றியபோது, அதுவரை யாரும் சீண்டாத இந்தக் குட்டைத் தண்ணீரைத்தான் எடுத்துச் சுத்திகரித்து ஊருக்கு விட்டார்கள். 2019-இலும் எடுத்தார்கள். கைவிடப்பட்ட பள்ளம் என்று நாம் ஒதுக்கியதைக் குடித்திருக்கிறோம்.

குட்டையை எடுக்கும்போது அளவு தெரியாமல் போவதுதான் பெரிய சிக்கல். செங்குத்துச் சுவர், பச்சைத் தண்ணீர்; பத்தடியா நூறடியா என்றே தெரியாது. எதிர்க்கரையில் ஒரு ஆடோ ஆளோ வரும்வரை காத்திருங்கள். விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள். வெடி வைத்து வெடி வைத்து ஓரக்கல் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கும். குளத்தைப் போல மெல்லச் சரியும் கரை கிடையாது, ஒரு அடி தவறினால் நேரே ஆழம். ஒவ்வொரு கோடையிலும் குளிக்கப் போன பிள்ளைகள் இப்படித்தான் போகிறார்கள். நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள்ளும் பழைய குவாரி ஒன்று உண்டு, கொம்பன் ஆந்தை இருக்கும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

பள்ளம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர், பல்லாவரத்தில் ராணுவ மைதானத்தை ஒட்டிச் சரளை வெட்டிப் போட்டிருந்த குழியில் ஒரு கல் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்ததற்குக் கிடைத்த முதல் சான்று அது. ரோட்டுக்குச் சரளை தோண்டிய குழியில்! இன்றைக்கு அப்படி ஒரு குழியில் கட்டட இடிபாடு ஏற்றிய ரப்பீஷ் லாரி வந்து கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

செடியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இதற்கு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. எருக்கும் ஊமத்தையும் செழித்திருந்தால் கீழே கொட்டிய மண், இடிபாடு. கோரையோ சம்புப் புல்லோ இருந்தால் தரை எவ்வளவு காய்ந்து தெரிந்தாலும் அங்கே தண்ணீர் நிற்கும் இடம். லேஅவுட் நடுவில் கோரையைப் பார்த்தால் உடனே எடுத்துவையுங்கள். பனைமரம் நேர் வரிசையாகப் போனால் பழைய வரப்பு. நடுவில் தனி வேம்பும் அதன் அடியில் மூன்று செங்கல்லும் மஞ்சள் துணியும் இருந்தால், எவ்வளவு கேட்பாரற்றுத் தெரிந்தாலும் அந்த இடத்துக்கு வெள்ளிக்கிழமை ஆள் வருகிறது. சீமைக் கருவேலத்தை எல்லாரும் திட்டுகிறோம். 2017-இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் மாவட்டம் மாவட்டமாக வெட்டினார்கள். ஆனால் ஆட்டுக்கு அதன் காய் தீனி, அடுப்புக்கு விறகு. விதையைப் பரப்புவதும் அதே ஆடுதான், புழுக்கை வழியாக. ஆட்டுத் தடத்தின் இரண்டு பக்கமும் கன்று முளைத்திருப்பதைக் கவனித்தால் தெரியும்.

தரையைப் பார்த்து நடக்க இன்னொரு காரணம்: ஆள்காட்டிக் குருவி. செம்மண் அடித்த காலி மனை அதற்கு மிகவும் பிடித்த இடம். கூடு கட்டாது, கல்லோடு கல்லாக முட்டை வைத்துவிடும். பெரும்பாலும் நான்கு. தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால், நீங்கள் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வந்த வழியே பின்வாங்குங்கள்.

வெளிச்சம். புத்தகம் படித்தவர்கள் எல்லாரும் விடியற்காலை, பொன் வெளிச்சம் என்பார்கள். இங்கே அதில் ஒரு சங்கடம் உண்டு. நம் ஊர் ஓரங்களில் விடியற்காலை என்பது இன்னும் பலர் முள்ளு மறைவில் ஒதுங்கும் நேரம். கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருப்பவர்களுக்குப் பல இடங்களில் வேறு வழியே இல்லை, பெண்கள் வெளிச்சம் வருவதற்கு முன் போய்வருகிறார்கள். அந்த நேரத்தில் கேமராவோடு போய் நிற்பவன் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு நின்றாலும் தப்பு. ஒருமுறை நான் அப்படிப் போய் நின்று, தூரத்திலிருந்து ஒரு பெண் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூட அநியாயம் இல்லை. ஏழரை மணிக்கு மேல் போங்கள். பொன் வெளிச்சம் கொஞ்சம் போகட்டும், அது இல்லாததே இந்த நிலத்துக்கு நல்லது. பொன் வெளிச்சத்தில் குப்பைமேடுகூடக் கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிடும்.

உச்சி வெயிலும் வேண்டாம். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல். நிழலே விழாது. மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகி, களம், வரப்பு, வாய்க்கால் ஒன்றும் தெரியாது. எனக்குப் பிடித்தது ஐப்பசி முதல் தை வரை. மழை விட்ட மறுநாள், வானம் இன்னும் மூடியிருக்கும்போது போங்கள். தாழ்ந்த இடம் எல்லாம் தண்ணீரோடு கண்ணாடி போல மினுக்கும். எது பழைய ஏரி உள்வாய், எது வாய்க்கால் என்று நிலமே கோடு போட்டுக் காட்டும். ஒரு வாரம் விட்டால் அந்தக் கோடு போய்விடும்.

சட்டம் வைக்கும்போது வானத்தைக் குறையுங்கள். நம் வானம் வருஷத்தில் பாதி நாள் வெள்ளைத் தாள், கருவேலமோ கரும்பச்சை. இரண்டையும் ஒரு படத்தில் அடக்கப் பார்த்தால் வெளிச்சத்தையும் இருட்டையும் சமன் செய்யும் போனின் எச்டிஆர் எதையோ செய்து, புதரைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுவிடும். அடிவானத்தை மேல் கால்வாசியில் வையுங்கள், கோணல் இல்லாமல். தரைக்கு இடம் கொடுங்கள். கேமராவில் அபெர்ச்சரை (லென்ஸ் துளையளவை) எஃப் 8 வைத்து முன்னும் பின்னும் கூர்மையாக எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் அழகு இங்கே வேண்டாம், பின்னணிதான் நம் விஷயமே. கருப்பு வெள்ளை என் அபிப்பிராயத்தில் கூடவே கூடாது. மனைக்கல்லின் மஞ்சள், ரப்பீஷில் கலந்த டைல்ஸின் நீலம், கோரையின் பச்சை எல்லாம் சாட்சி சொல்கிறவை. அவற்றின் வாயைப் பொத்தக் கூடாது.

இப்போது என் பெரிய தப்பைச் சொல்கிறேன். 2014-இல் வெளிவட்டச் சாலை ஓரமாக நிறைய எடுத்தேன். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளத்துக்கு வயல்களின் நடுவே மேடு கட்டிப் போன சாலை அது. சாலை குறுக்கே வெட்டியதில் இரண்டு பக்கமும் மிஞ்சிய முக்கோணத் துண்டுகள்: உழ டிராக்டர் திரும்ப முடியாது, வீடு கட்ட வழி கிடையாது. அருமையான விஷயம். இருநூறு படத்துக்கு மேல் எடுத்தேன், எங்கே எடுத்தேன் என்று ஒன்றுக்கும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு அந்த முக்கோணங்களில் குடோன், கல்யாண மண்டபம், டைல்ஸ் ஷோரூம். எது எங்கே என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பத்துப் படத்தை மின்கம்பத்தையும் பனையையும் வைத்து அடையாளம் கண்டேன். மற்றது வெறும் புல் படம்.

அதனால் நீங்கள் முதல் நாளே செய்யுங்கள்: போனில் ஜிபிஎஸ் போட்டு வையுங்கள், கேமரா என்றால் ஒவ்வொரு இடத்திலும் போனில் ஒரு படம் சேர்த்து எடுங்கள். ஒரு நோட்டில் தேதி, ஊர், புல எண் தெரிந்தால் அது, எந்தத் திசை பார்த்து, அங்கே யார் என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள். திரும்பி வந்து அதே படத்தை எடுக்க நிற்கும் இடத்துக்கு அசையாத அடையாளம் ஒன்று வேண்டும். மனைக்கல் சரிப்படாது, பிடுங்கி விற்றுவிடுவார்கள். மதகு, கலங்கல், பாறை, உயரழுத்த மின்கோபுரத்தின் கால் நல்லது. பழைய படத்தின் அச்சுப் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு அடையாளம் ஒன்றோடொன்று அதே மாதிரி மறையும்வரை நகருங்கள். பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிக்கு ஒருமுறை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். முந்தைய வருஷங்களைப் பார்க்க கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்தும் வசதி இருக்கிறது. என் ஆயாவின் களம் 2000-களின் நடுவில் எடுத்த படத்தில் ஒரு வெளிர் பொட்டாகத் தெளிவாகத் தெரிகிறது.

ஆட்கள் விஷயம். கேமராவைப் பார்த்ததும் மூன்று கேள்வி வரும்: ரோடு போடுறாங்களா, பட்டா குடுக்கப் போறாங்களா, இடத்தை வாங்கப் போறீங்களா. மூன்றுக்கும் இல்லை என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். குடிசை போட்டிருப்பவர்களுக்குக் கேமரா என்றால் அளக்க வந்திருக்கிறார்கள், அடுத்து ஜேசிபி வரும் என்று பொருள். அவர்கள் வீட்டை அவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். எடுத்ததை இடம் குறிப்பிட்டு எங்கும் போடாதீர்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று வழக்கு வந்தால் உங்கள் படம் அபார்ட்மெண்ட்டுக்கு எதிராகப் போகாது, குடிசைக்கு எதிராகத்தான் போகும். தனியார் இடத்தில் வாட்ச்மேன் போகச் சொன்னால் போய்விடுங்கள், ரோட்டில் நின்று எடுங்கள். தாம்பரம் விமானப்படைத் தளம், மீனம்பாக்கம் சுவர் ஓரம் கேமராவே எடுக்க வேண்டாம். ட்ரோன் அந்த வட்டாரத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வீண் வம்பு. நிலத்தை நடந்து பார்க்கிறவனுக்கு அது தேவையும் இல்லை.

எங்கே போகலாம் என்று கேட்டீர்கள். ஊர் ஊராகச் சுற்றாதீர்கள். வீட்டிலிருந்து நடந்து இருபது நிமிஷத்துக்குள் ஒரே இடம். நீங்கள் இருக்கும் பக்கம் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து மனை விலை என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். இந்த ஞாயிறு பார்க்கும் முள்ளுக்காடு அடுத்த பொங்கலுக்கு இருக்கும் என்று நம்ப வேண்டாம். முதல் இரண்டு தடவை கேமராவை வெளியே எடுக்காமல் நடங்கள், ஆடு மேய்ப்பவர் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள். தனியாகப் போகிறீர்கள் என்றால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். புல் முழங்காலுக்கு மேல் இருந்தால் கால் வைக்காதீர்கள், கண்ணாடி விரியன் அங்கேதான் படுத்திருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பாட்டிலோடு வருகிற கூட்டத்துக்கு இடத்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பையில் ஒரு பிஸ்கெட் பாக்கெட் இருக்கட்டும். உங்களுக்கில்லை, அங்கே இருக்கும் நாய்களுக்கு. மூன்றாவது தடவை போகும்போது குரைக்காது.